போதகர் வராத ஞாயிறுகள்

எங்கள் ஆங்கிலிக்கன் சபைக்குப் போதகர் மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் அவர் வேறு ஊர்களுக்குப் போக வேண்டும். வேலை மாற்றலாகிப் புதிதாக வந்து சேரும் குடும்பங்கள் இதைக் கேட்டதும், "அப்போ மத்த வாரம் ஆராதனை இல்லீங்களா?" என்று பரிதாபமாகப் பார்ப்பார்கள். இருக்கிறது. போதகர் இல்லாமலே நடக்கிறது. சொல்லப்போனால், எங்கள் சபையில் யாராவது ஆவிக்குரிய வாழ்க்கையில் நாலு அடி முன்னே வைத்திருக்கிறார்கள் என்றால், அதில் பாதி அந்த ஞாயிறுகளில் நடந்தது என்பது என் கணக்கு. யார் வேதம் வாசிப்பது, யார் ஜெபிப்பது, யார் பூ வைப்பது, யார் பசியாறக் கொண்டுவருவது என்று மூன்று மாதத்துக்கு ஒரு பட்டியல் போடுகிறவன் நான். சபைக் குழுச் செயலாளருக்கு அதுதான் பெரிய வேலை. ஆகவே ஆள் ஆளாகப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

மலேசியாவில், கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பட்டணம் எங்களுடையது. ஒரே பெரிய சடக்கு, இருபுறமும் கடைவீடுகள், மாரியம்மன் கோயில், சீனக் கோயில், பள்ளிவாசல், தமிழ்ப்பள்ளி, அதற்குப் பின்னால் தகரக் கூரை போட்ட எங்கள் ஆலயம். எந்தப் பக்கம் போனாலும் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. மலாயாவில் செம்பனையை வியாபாரப் பயிராக முதலில் நட்டது 1917இல், இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். ஆனால் எங்கள் பக்கம் என் தாத்தா காலம் முழுக்கப் பால்மரம், அதாவது ரப்பர். செம்பனைக்கு மாறியதும் ஆள் தேவை குறைந்தது. பால்மரத்தை விடிவதற்கு முன் போய்ச் சீவ வேண்டும், நிரைக்கு ஓர் ஆள் வேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். அதற்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்துவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் கிள்ளான், ஷா ஆலாம், பெட்டாலிங் ஜெயா என்று போய்விட்டார்கள். ஆலயத்தில் பாதிப் பெஞ்சு காலியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். வெளியூரிலிருந்து வரும் பிரசங்கியார் யாராவது "இங்கே விசுவாசம் குறைந்துவிட்டது" என்று முழங்கினால் எனக்கு எரிச்சல் வரும். குறைந்தது வேலை.

எங்கள் பெரியவர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம் என்று ஊர்ப்பெயரைச் சொல்லியே உறவு பிடிப்பார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தும்வரை அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தகரப் பெட்டியில் வேதப்புத்தகம், ஜெபப்புத்தகம், கீர்த்தனைப் புத்தகம் மூன்றும் இருக்கும். போதகர் இல்லாத ஞாயிறு அவர்களுக்குப் புதிதில்லை. ஊரில் பனங்காட்டுக் கிராமங்களில் உபதேசியார்தான் ஜெபம் நடத்துவார். போதகரான ஐயர் எப்போதாவது வந்து, அப்பமும் ரசமும் பரிமாறும் திருவிருந்தைக் கொடுத்துவிட்டுப் போவார். இங்கேயும் அதே ஏற்பாடு தொடர்ந்தது.

ஜப்பான்காரன் காலத்தில் அதுவும் போயிற்று. அப்போது மலாயாவுக்கும் சேர்த்துப் பேராயர் சிங்கப்பூரில் இருந்தார். லெனர்ட் வில்சன் என்று பெயர். அவரை 1943இல் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள், சித்திரவதையும் செய்தார்கள். தோட்டத்து ஆண்களைச் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட லோரி லோரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். என் தாத்தாவின் தம்பி அப்படிப் போனவர், திரும்பவில்லை. பாட்டி சொல்வார்: பொழுது சாய்ந்ததும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலில் பெண்கள் நாலைந்து பேர் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு மாலை ஜெபத்தைச் சொல்வார்களாம். இருந்தது ஒரே புத்தகம். படிக்கத் தெரிந்தவரும் ஒருவர்தான். அவர் சொல்ல மற்றவர்கள் சொல்லி, கடைசியில் எல்லாருக்கும் பாடமாகிவிட்டது. பாட்டிக்குக் கடைசிவரை எழுத்து தெரியாது. ஆனால் சங்கீதங்களில் பாதி வாயில் இருந்தது.

அப்புறம் 1970இல் மேற்கு மலேசியா தனித் திருமண்டலம் ஆனது, அதாவது தனக்கென்று ஒரு பேராயர். 1996இல் தென்கிழக்கு ஆசியாவுக்கென்று தனி ஆங்கிலிக்கன் மாகாணமும் உருவானது. எங்கள் ஊரைப் பொறுத்தவரை பேராயர் அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தின் தலைப்பு மாறியது, அவ்வளவுதான்.

போதகர் வராத நாளில் நடப்பது காலை ஜெபம். நடத்துகிறவர் பேராயரிடம் உரிமம் பெற்ற சபை வாசகர். எங்களுக்கு அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை அங்கி போடுவார், பிரசங்கம் செய்வார். அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வதிக்க மாட்டார். எழுந்து நின்று சபைக்குப் பாவமன்னிப்பை அறிவிக்கவும் அவருக்கு உரிமை கிடையாது. தன்னையும் எங்களோடு சேர்த்துக்கொண்டு மன்னிப்பு வேண்டும் ஜெபத்தைத்தான் வாசிக்க வேண்டும். ஊருக்கே ஊசி போட்டவர், எல்லார் வீட்டு ரகசியமும் தெரிந்தவர், எங்களோடு சேர்ந்து முழங்காலில் நிற்கிறார். போதகர் வந்து நடத்தும்போது கிடைக்காத ஒரு நெருக்கம் அதில் உண்டு.

அங்கே சொல்கிற பாவ அறிக்கை 1552இல் ஆங்கில ஜெபப்புத்தகத்தில் சேர்ந்தது. 1662 புத்தகத்திலும் அப்படியே இருக்கிறது. அதன் வரிசையைக் கவனித்துப் பாருங்கள். செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது முதலில் வரும். செய்யக்கூடாததைச் செய்தது அப்புறம்தான். எங்கள் ஆட்களுக்குப் பாவம் என்றால் சம்சு என்கிற மலிவுச் சாராயம், நாலு நம்பர் லாட்டரி, அடுத்தவன் பெண்டாட்டி. இந்த மூன்றிலும் இல்லாதவன் தன்னை நீதிமான் என்று நினைத்துக்கொண்டு கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடப்பான். அந்த முதல் வரி அவனையும் பிடித்து நிறுத்திவிடும்.

டிரஸ்ஸர் ஒருமுறை இதையே பிரசங்கமாகச் சொன்னார். நம் லயத்தில் முன்பு இருந்த பாட்டி ஒருவர் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் பட்டணத்துக்குப் போகிறார், போக நாற்பது வெள்ளி (ரிங்கிட்) வர நாற்பது வெள்ளி என்று வாடகைக் காடிக்கு (கார்) கொடுக்கிறார், ஆலயத்து வாசலில் எத்தனை காடி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. அடுத்த பட்டியலில் நான் ஒரு கட்டம் கூடப் போட்டேன்: திங்கள், புதன், வெள்ளி, யாருடைய காடி. இன்றுவரை அந்தக் கட்டம் காலியாக இருந்ததில்லை. ஓட்டுகிறவர்களில் இருவர் ஞாயிறு ஆராதனைக்கு ஒழுங்காக வராதவர்கள். பாட்டி எங்கள் சபையும் இல்லை, மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் பால்குடம் எடுத்தவர். குழுக் கூட்டத்தில் அதை ஒருவரும் ஒரு விஷயமாக எடுக்கவில்லை. எங்கள் குழு எதை எடுக்காமல் விடும் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய முன்னேற்றம் என்று புரியும். ஆலயத்து மின்விசிறிக்கு என்ன நிறம் என்று இரண்டு கூட்டம் நடத்திய குழு இது.

என் அத்தை மகன் கிள்ளானில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவன். வரும்போதெல்லாம் என்னைச் சீண்டுவான். "புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிற ஜெபத்துல உயிர் எங்க மச்சான் இருக்கு?" நியாயமான கேள்விதான். வாய் ஓடிக்கொண்டிருக்க, மனம் மதியச் சமையலில் இருக்கிற ஞாயிறுகள் எங்களுக்கு நிறைய. அவன் சபையில் ஆஸ்பத்திரி என்று சொன்னால் ராத்திரி ஒரு மணிக்கும் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். எங்கள் ஆட்கள் மறுநாள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்வை நேரத்துக்குப் போவார்கள். எங்கள் இளைஞர்கள் சிலர் அங்கே போய்விட்டதற்கு இசைக்கருவி மட்டும் காரணமில்லை.

ஆனால் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். கணவர் மோட்டார் சைக்கிளில் போகும்போது லோரி அடித்துப் போய்ச் சேர்ந்தார். மூன்று சின்னப் பிள்ளைகள். ஜெபிக்க வந்தவர்கள் எல்லாரும் "நீங்களும் மனசு விட்டு ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். அவருக்குக் கடவுளிடம் சொல்ல ஒன்றும் இல்லை. சொன்னால் திட்டாகத்தான் இருந்திருக்கும். ஆராதனைக்கு வந்து புத்தகத்தில் இருந்ததை மட்டும் எங்களோடு சேர்ந்து சொல்லிவிட்டுப் போவார். பாட்டு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். பல மாதம் அப்படியே. ரொம்ப நாள் கழித்து என் மனைவியிடம் சொன்னாராம்: "வாய்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நானா ஒரு வார்த்தை தேடணும்னு இருந்திருந்தா நான் வந்தே இருக்க மாட்டேன்." அத்தை மகனிடம் இதைச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, ஆனா அந்த மின்விசிறி விஷயம்…" என்று ஆரம்பித்தான்.

வேதவாசிப்புக்கு வருகிறேன். பட்டியல் போடுகிறவனுக்குத் தலைவலி அதுதான். எங்கள் ஒழுங்கில் அந்தந்த ஞாயிறுக்கு இன்ன பகுதி என்று முன்கூட்டியே குறித்திருக்கும். வாசிக்கிறவர் தனக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதிலும் பரிசுத்த ஆவி இறங்கிய நாளை நினைக்கும் பெந்தெகொஸ்தே ஞாயிறு என்றால் ஆளுக்கு ஆள் வெளியூர்ப் பயணம் கிளம்பிவிடும். காரணம் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரம். ஒன்பதாம் வசனத்திலிருந்து பர்த்தரும் மேதரும் எலாமீத்தரும் என்று தொடங்கி, மெசொப்பொத்தாமியா, கப்பத்தோக்கியா, பொந்து, பிரிகியா, பம்பிலியா என்று போய்க்கொண்டே இருக்கும்.

ஒரு வருஷம் அந்த ஞாயிறு, செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலை செய்கிற ஓர் அக்காவுக்கு வந்து விழுந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. "தம்பி, எனக்கு வேற ஞாயிறு போடு, புண்ணியமா போகும்" என்றார். மாற்றவில்லை. ஒருவருக்கு மாற்றினால் எல்லாரும் கேட்பார்கள் என்ற ஒரே காரணம்தான். தொலைநோக்கு எதுவும் கிடையாது. அவர் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காட்டுக்குக் கொண்டுபோனார். பழம் நிரம்பிய சாக்கின் மேல் உட்கார்ந்து பசியாறும்போது படிப்பாராம். எங்கள் ஓய்வுநாள் பாடசாலை டீச்சர் வீட்டுக்கு ராத்திரியில் போய்ச் சொல்லிக் காட்டுவார்.

அந்த ஞாயிறு வந்தது. சிவப்புச் சேலை, பெந்தெகொஸ்தேவுக்குச் சிவப்பு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கறை போகாத விரலை வரியின் மேல் வைத்தார். எலாமீத்தர் வரை சரியாக வந்தது. கப்பத்தோக்கியாவில் நின்றது. பின்னால் ஒரு பையன் களுக்கென்று சிரிக்க, அவன் ஆயா அவன் தொடையில் ஒன்று வைத்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அக்கா தலை நிமிரவில்லை. க, கப்பத், தோ, தோக்கியா என்று அந்தச் சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்து, மறுபடியும் ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனார். முடிக்கும்போது மேலுதடு முழுக்க வேர்வை.

எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கு அப்புறம் நடந்தது. மீஹூனும் தேத்தண்ணியும் பரிமாறிக்கொண்டிருந்தபோது டிரஸ்ஸரிடம் போய், "அண்ணே, இந்த ஊரெல்லாம் எங்க இருக்கு?" என்று கேட்டார். அவர் வேதப்புத்தகத்தின் பின்னால் இருந்த வரைபடத்தை விரித்துக் காட்டினார். அக்கா விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ இவங்கெல்லாம் பொழைக்க வெளியூரு போன குடும்பத்து ஆளுங்க. வீட்டுல பேசுற பாஷை ஒண்ணு, வெளியில ஒண்ணு" என்றார். பெந்தெகொஸ்தே பிரசங்கம் நான் எத்தனையோ கேட்டிருக்கிறேன். பலத்த காற்று, அக்கினி நாவுகள், பேதுருவின் தைரியம் எல்லாம் வந்திருக்கிறது. எருசலேமில் அன்று நின்ற கூட்டம் எங்களைப் போன்ற கூட்டம் என்பதை ஒரு பிரசங்கியாரும் சொல்லவில்லை. இப்போது புதன்கிழமை ராத்திரி அந்த அக்காவின் மலிவுவிலை அடுக்குமாடி வீட்டில் ஆறேழு பெண்கள் கூடி, வரப்போகும் ஞாயிறு வாசிப்புகளை முன்கூட்டியே படிக்கிறார்கள். ஞாயிறு அன்று பிரசங்கம் சரியில்லை என்றால் அவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடுகிறது. டிரஸ்ஸர் இப்போதெல்லாம் சனிக்கிழமை ராத்திரி அதிக நேரம் விழித்திருக்கிறார் என்று அவர் மனைவி சொன்னார்.

இவ்வளவு சொன்னதால் போதகர் வரும் ஞாயிறு எங்களுக்குச் சாதாரணம் என்று நினைக்கக்கூடாது. திருவிருந்துக்கு இருக்கிற பசி வேறு. என் சின்ன வயதில் முன் பெஞ்சுகள் கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டாருக்கு. எழுதிவைத்த சட்டம் எதுவும் இல்லை. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள், கிராணிமார், பள்ளித் தலைமையாசிரியர் எல்லாரும் முன்னால், பால்வெட்டுக்காரர்கள் பின்னால். திருநெல்வேலியிலிருந்து பெட்டியோடு சாதியும் கப்பலேறி வந்தது. பெண் பார்க்கும்போது இன்றைக்கும் கேட்காத மாதிரி கேட்பார்கள். ஆனால் திருவிருந்துக்கு ஒரே கிண்ணம். போதகர் விளிம்பைத் துணியால் துடைத்து, கொஞ்சம் திருப்பி, அடுத்த வாய்க்குக் கொடுப்பார். யாருக்கு அடுத்து யார் என்பது எழுந்து நடந்து வருகிற வரிசையைப் பொறுத்தது. தோட்டத்து லோரி ஓட்டிய என் அப்பா ஒருநாள் வரிசையில் பெரிய கிராணிக்கு முந்திய இடத்தில் முழங்காலிட்டுவிட்டார். கிராணி எழுந்து போய்விடுவாரோ என்று அம்மாவுக்குப் பயமாம். போகவில்லை, குடித்தார். திங்கட்கிழமை பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, பழையபடியே அப்பாவைக் கத்தினார். இதை அப்பா சிரித்துக்கொண்டேதான் சொல்வார். திருவிருந்து எங்கள் சபையில் சாதியை ஒழித்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். வாரம் முழுக்க நடப்பது ஞாயிறு ஒரு நிமிடம் நடக்காமல் போயிற்று. அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் பெஞ்சு மாறி உட்கார்ந்தார்கள், ஒருவரும் தடுக்கவில்லை.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து ஆலயம் பூட்டப்பட்டது. திறந்த பிறகு அப்பம் மட்டும் கையில் வாங்கினோம். கிண்ணம் திரும்பி வந்தும் சிலர் இன்னும் தயங்குகிறார்கள். தொற்றுக்குப் பயந்தா, வேறு எதற்காகவா என்பதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

அறுவடைப் பண்டிகையையும் சொல்லாமல் விட்டால் ஊரில் கோபித்துக்கொள்வார்கள். வாழைத்தார், நாட்டுக்கோழி, டுரியான், மைலோ டின் எல்லாம் ஏலத்துக்கு வரும். ஒரே ஒரு முட்டையை இரண்டு அண்ணன் தம்பிகள் போட்டி போட்டு ஐம்பது வெள்ளிக்கு ஏற்றியிருக்கிறார்கள். காணிக்கைக்கு நல்லது, ஆவிக்குரிய வளர்ச்சியில் அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஏலம் எடுத்தவர் அந்த முட்டையை மறுபடியும் ஏலத்துக்கே கொடுத்துவிட்டார். அண்ணன் தம்பிகள் பேசிக்கொள்வதில்லை.

அமெரிக்காவில் படிக்கிற என் அக்கா மகள் அங்கே எபிஸ்கோபல் சபைக்குப் போகிறாள். அதுவும் ஆங்கிலிக்கன் குடும்பம்தான். அவர்களுக்கு 1979ஆம் ஆண்டு ஜெபப்புத்தகம். 2003க்குப் பிறகு எங்கள் மாகாணத்துக்கும் அவர்களுக்கும் பேராயர்கள் மட்டத்தில் உறவு முறிந்த கதை தனி, அதை இங்கே இழுக்கவில்லை. "ஒழுங்கு அப்படியேதான் இருக்கு மாமா, எப்ப உக்காரணும் எப்ப எழுந்திருக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கல" என்றாள். அங்கேயும் கடமைப் பட்டியல் உண்டாம், கணினியே போட்டு மின்னஞ்சலில் அனுப்பிவிடுமாம். முகத்தைப் பார்த்து "அக்கா, கப்பத்தோக்கியா உங்களுக்குத்தான்" என்று சொல்கிற வேலையைக் கணினிக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

இப்போது எங்கள் குழுவில் ஓடுகிற சண்டை வேறு. தேசியப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வருகிறது, படிக்க வரவில்லை. பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு தம்பி வேதம் வாசிக்க ஆசைப்பட்டு, தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொண்டுவந்தான். ஒலி சுத்தமாக இருந்தது, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினான். டீச்சருக்குப் பிடிக்கவில்லை. "எழுத்து தெரியாதவன் எதுக்குப்பா வாசிப்பு மேடையில ஏறணும்? முதல்ல என்கிட்ட வந்து படிக்கட்டும்" என்றார். பாட்டிக்கு எழுத்தே தெரியாமல் சங்கீதம் தெரியும் என்பதை நான் சொன்னேன். அவர், "உங்க பாட்டிக்குப் பள்ளிக்கூடம் இல்ல, இவனுக்கு என்ன குறை?" என்று திருப்பிக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டும் நடக்கட்டும் என்று குழு முடிவு செய்தது: தம்பி வாசிக்கலாம், சனிக்கிழமை டீச்சரிடம் எழுத்தும் படிக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்திய அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறு ஏசாயா பகுதிக்கு அவன் பெயரைப் போட்டிருக்கிறேன். டீச்சர் அன்றைக்கு மகள் வீட்டுக்குப் போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதே ஞாயிறு பொது ஜெபத்துக்கு அவர் பெயரைப் போட்டுப் பட்டியலை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.